கணக்கில் வராத ஆயிரத்து இருநூறு

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் என் பழைய நாற்காலிக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் உணவியல் படித்தவர்கள். இருவர் மணிக்கட்டிலும் கடிகாரம். எவ்வளவு நடந்தோம், எவ்வளவு எரித்தோம் என்று அது சொல்லிவிடுகிறது. தட்டைப் படம் எடுத்தால் கைபேசி கலோரியைச் சொல்கிறதாம்.

"இதெல்லாம் இல்லாம இத்தனை வருசம் எப்பிடி மேடம் சமாளிச்சீக?" என்றாள் ஒருத்தி.

"கணக்கு ஒரு பக்கம், எடை ஒரு பக்கம்னு இடிச்சா என்ன செய்வீக?" என்றாள் இன்னொருத்தி.

முதல் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு, காப்பி ஆறுகிறது குடியுங்கள் என்றேன். அவர்கள் போன பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கணக்கு பெரிய வித்தை இல்லை. உடம்புக்குள் போவது சாப்பாடு. செலவாவது இரண்டு வழியில்: சும்மா படுத்துக் கிடந்தாலே மூச்சுக்கும் இதயத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் ஆகிற செலவு ஒன்று, நடந்து, வேலை பார்த்து ஆகிற செலவு ஒன்று. உள்ளே போவது மிஞ்சினால் கொழுப்பாகச் சேரும். செலவு மிஞ்சினால் சேர்ந்தது கரையும். ஒரு கிலோ கரைய ஏறத்தாழ ஏழாயிரத்து எழுநூறு கலோரி குறைய வேண்டும். நடைக்கு, உடம்பின் எடையை நடந்த கிலோமீட்டரால் பெருக்கி அதில் முக்கால் பங்கு எடுத்தால் போதும். இதில் "ஏறத்தாழ" என்பதை மறக்கக் கூடாது. முதல் வாரம் இறங்குவதில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆளுக்கு ஆள் நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் ஒரே அளவாக இடித்துக்கொண்டே போனால் அது பிழை இல்லை. ஏதோ ஒன்று நடக்கிறது என்று அர்த்தம்.

மதுரையில் படித்தேன், அங்கேயே ஒரு வருடம் பயிற்சி. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. தொழில் கற்றது காரைக்குடியில், நான் கடைசிவரை வேலை பார்த்த அந்தத் தனியார் மருத்துவமனையில், மரகதம் மேடத்திடம்.

மேடம் தலைமை உணவியலாளர். மெலிந்த உடம்பு, பருத்திப் புடவை, குரல் எப்போதும் ஒரே அளவு. நோயாளிகள் வரும்போது வீட்டில் புழங்கும் கரண்டியையும் டம்ளரையும் கொண்டுவரச் சொல்வார். "ஒரு கரண்டின்னா அவுக வீட்டுக் கரண்டி. நம்ம புஸ்தகத்துக் கரண்டி இல்ல" என்பார். எடை மேடையை வாரத்துக்கு ஒருமுறை எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பார். எல்லோருக்கும் வெறும் வயிறு, சிறுநீர் கழித்த பிறகு, முதல் தடவை உடுத்திவந்த அதே மாதிரித் துணி.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார். ராத்திரிச் சாப்பாடு, அதற்கு முன் சாயங்காலம், அதற்கு முன் மதியம், கடைசியில் காலை. காலையிலிருந்து சொன்னால் நாம் எழுதிக்கொடுத்த அட்டையைத்தான் ஒப்பிப்பார்களாம். பின்னாலிருந்து வரும்போது நடந்தது வரும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர், "இம்புட்டுத் தூரம் நடந்தும் ரெண்டு கிலோ கூடிருச்சே, உங்க மிசினு பழுது" என்று சத்தம் போட்டார். மேடம் அவரைப் பழனியிலிருந்து பின்னோக்கி நடக்க வைத்தார். வழி நெடுகப் பந்தல்; பந்தல் தோறும் பொங்கல், கேசரி, சுண்டல், பானகம். சிங்கம்புணரி வருவதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கயே நில்லுங்க. கேசரி எத்தனை கரண்டி?" என்றார் மேடம், சிரிக்காமல்.

"வேண்டாம்னா சாமி குத்தம்னு சொல்றாக மேடம்."

"சரி. அப்ப மிசின் நல்லாத்தான் இருக்கு."

கணக்கு இடித்தால் ஆளைத் திட்டக் கூடாது என்பது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். "மூணு வாசல்தான் வசந்தி. வாய், காலு, கழிவு. எந்த வாசல் நமக்குத் தெரியாமத் தொறந்து கிடக்குன்னு பாரு. அதுக்கு முந்தி பொய் சொல்றாகன்னு நினைக்காத." இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு சர்க்கரை நோயைக் கண்டுபிடித்திருக்கிறேன், தைராய்டைக் கண்டுபிடித்திருக்கிறேன். மூன்று வாசலும் சாத்தியிருக்க, உடம்பிலிருந்து ஏதோ போய்க்கொண்டே இருந்ததை ஒருமுறைதான் பார்த்தேன்.

கருப்பையாவுக்கு நாற்பத்தொரு வயது. நேமத்தான்பட்டிக்குப் பக்கத்து ஊர். விவசாயக் குடும்பம். அவர் மட்டும் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. எண்பத்து நாலு கிலோ. ஒரே மகள் அபிநயா, எட்டாம் வகுப்பு. அவளுக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று பெருநகர மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அம்மா செல்விக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. அப்பாவுக்குச் சேர்ந்தது. ஆனால் அவர் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. எடையைக் குறைத்து அது கரைந்தால்தான் வெட்டி எடுக்க முடியும். நாள் அதிகம் இல்லை. உள்ளூரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எடை எடுத்து நான் அவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

அப்போது என் மகன் கதிர் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தான். அவன் சாப்பிட்டானா, எவ்வளவு நடந்தான் என்று என் கைபேசியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவன் அடி எண்ணிக்கை ஒரு நாள் குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட ஒருத்தியிடம், பிள்ளையைக் காப்பாற்றத் தன் வயிற்றைக் குறைக்கப் போகிற ஒரு தகப்பன் வந்து உட்கார்ந்தார்.

கணக்கு போட்டேன். அவர் உடம்புக்கு நாளுக்கு இரண்டாயிரத்து முந்நூறு செலவு. சாப்பாட்டை ஆயிரத்து நானூறாக்கினேன். முக்கால் மணி நேர நடைக்கு இருநூறு. ஆக நாளுக்கு ஆயிரத்து நூறு குறையும், வாரத்துக்கு ஒரு கிலோ இறங்கும். முதல் வாரம் தண்ணீரோடு சேர்த்து மூன்று கிலோ இறங்கியது. எதிர்பார்த்ததுதான். இரண்டாவது வாரம் இரண்டு கிலோ நூறு. மூன்றாவது வாரமும் இரண்டு கிலோ நூறு.

"நல்லா இறங்குதுல்ல மேடம்?" என்றார் கருப்பையா. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

அதிகமாக இறங்குவது சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை. பட்டினி கிடந்து இறங்கினால் தசை கரையும், ஈரலுக்கும் கேடு. உள்ளே ஏதாவது நோய் தின்றுகொண்டிருந்தால் அவர் ஈரல் கொடுக்கவே முடியாது. அபிக்கு வேறு ஆள் கிடையாது. சர்க்கரை, தைராய்டு, காசநோய், மலம், சிறுநீர் எல்லாம் பார்த்தோம். எதுவும் இல்லை.

நாளுக்கு ஆயிரத்து இருநூறு கலோரி கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது.

வயிற்றில் நீர் எடுப்பதற்காக அபியை அந்த வாரம் எங்கள் வார்டிலேயே சேர்த்திருந்தார்கள். நான் போனபோது தலையணையில் சாய்ந்து கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மஞ்சளாக இருந்தது. குச்சிக் கை, குச்சிக் கால், பெரிய வயிறு.

"மேடம், ஒண்ணு கவனிச்சீகளா?" என்றாள். "எங்கப்பாவுக்குத் தொப்பை கரையக் கரைய எனக்குப் பெருசாகுது. அவுககிட்ட இருந்து நான் புடுங்கிக்கிற மாதிரி இருக்கு."

"வாயை மூடுடி" என்று செல்வி அவள் தொடையில் தட்டினார். அபி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடத்திடம் போய்க் கணக்கை வைத்தேன். மேல் கீழ் பார்த்தார். "ஆயிரத்து இருநூறுன்னா பெரிய தொகை. அதை ஒரு ஆளா நினைச்சுப் பாரு. யாருக்கு ஒரு நாளைக்கு இம்புட்டு ஆகும்?"

அபியின் எடை, உயரம், வயது என் கையிலேயே இருந்தன. படுக்கையில் அசையாமல் கிடக்கும் அந்தப் பிள்ளையை ஒரு நாள் உயிரோடு வைத்திருக்க எவ்வளவு ஆகும் என்று போட்டேன். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து வந்தது.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "தற்செயல்" என்றார் பிறகு. "நீ அவுக வீட்டுக்குப் போய்ட்டு வா. சொல்லிட்டுப் போகாத."

இரண்டு நாள் கழித்து அபி வீடு திரும்பியதும் போனேன். வெளிநோயாளிகள் முடிந்து கிளம்பும்போது நடுப்பகல் ஆகிவிட்டது. நேமத்தான்பட்டி வழியாக ஸ்கூட்டரில் போனேன். இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள், பூட்டியிருந்தன. வெயிலில் தெருவில் ஒரு நிழல்கூட இல்லை. ஒரு காக்கை இல்லை. என் வண்டிச் சத்தம் சுவரில் பட்டு எனக்கே திரும்பிக் கேட்டது.

எதிரே ஒருவர் வந்துகொண்டிருந்தார். வெறுங்கால். இடுப்பில் ஈர வேட்டி, தலையில் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து எதையோ ஏந்தியிருந்தார். வாழை இலையால் மூடியிருந்தது. பக்கத்தில் வந்ததும்தான் தெரிந்தது, கருப்பையா.

வண்டியை நிறுத்தி, "கருப்பையா!" என்றேன்.

அவர் நிற்கவில்லை. என் தோள் உரசுகிற தூரத்தில் கடந்து போனார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. ஆனால் பார்த்ததற்கான அடையாளம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. தார்ச்சாலையில் கால் பொசுங்குமே என்று நினைத்தேன். அவர் சூட்டுக்குக் காலைத் தூக்கி வைத்து நடக்கவில்லை. குளிர்ந்த தரையில் போவதுபோல் போனார்.

செல்விக்குப் போன் செய்தேன்.

"அவுகளா? உள்ள படுத்திருக்காகக்கா. சாப்ட்டுட்டு இப்பத்தான் கதவைச் சாத்தினாக."

"கொஞ்சம் எழுப்ப முடியுமா?"

"உள்தாப்பா போட்டிருக்கு. மதியம் எழுப்பக் கூடாதுன்னு சொல்லிருக்காக. காத்தாடி ஓடுற சத்தம் கேக்குது, அசந்து தூங்குறாக போல. அவசரமாக்கா?"

இல்லை என்று வைத்துவிட்டுத் திரும்பினேன். தெரு காலியாக இருந்தது. தெரு முனையிலிருந்து தைலமரக் காட்டுக்குள் ஒரு வண்டிப்பாதை போகிறது. அதில் அவர் இறங்கியிருக்க வேண்டும். அது பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது வேறு. உள்ளே தூங்குகிறவர் ஒருவர், என்னைக் கடந்து போனது வேறொன்று; அவர்கள் வீட்டுக்குப் போகாமல் வண்டியைத் திருப்பினேன்.

சனிக்கிழமை எடை மேடையில் மறுபடி இரண்டு கிலோ நூறு இறங்கியிருந்தார். மேடம் அவரை உள்ளே கூப்பிட்டார். செல்வியும் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரியில இருந்து பின்னால வாங்க" என்றார் மேடம்.

"ரெண்டு சப்பாத்தி, பயறு, மோர்."

"அதுக்கு முந்தி?"

"சாயங்காலம் சீனி போடாத டீ. கொஞ்சம் கடலை."

"அதுக்கு முந்தி?"

கருப்பையா செல்வியைத் திரும்பிப் பார்த்தார். மேடம் காத்திருந்தார். அவர் காத்திருப்பதில் ஒரு அவசரமும் தெரியாது. கேட்ட கேள்வியை மறந்துவிட்டாரோ என்று தோன்றும்.

"மதியம் நான்தானே தட்டுல போட்டுக் குடுக்குறேன்" என்றார் செல்வி. "தட்டைக் கழுவி வச்சுருக்காக. எல்லாம் சாப்புட்டாக மேடம்."

"நீ சும்மா இரு புள்ள" என்றார் கருப்பையா. பிறகு மேடத்தைப் பார்த்து, "மதியத்தை மட்டும் கேக்காதீக" என்றார்.

"நான் உங்களை நடுரோட்டுல பாத்தேன்" என்றேன் நான்.

அவர் தலை குனிந்தது. செல்வி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்தது. தைலமரக் காட்டுக்குள் அவர்கள் கும்பிடும் கருப்பர் இருக்கிறார். கூரை கிடையாது, ஒரு கல்லும் அரிவாளும். அபிக்கு ஈரல் போய்விட்டது என்று சொன்ன அன்றே நேர்ந்துகொண்டிருக்கிறார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், உருமத்தில், உச்சி வெயில் நேரத்தில், குளித்த ஈரத்தோடு, வெறுங்காலில், யாரோடும் பேசாமல் போய், தன் பங்கு மதியச் சோற்றை அங்கே வைத்துவிட்டு வருவது. போக வரப் பன்னிரண்டு கிலோமீட்டர். வெளியே சொன்னால் பலிக்காது. பின்கதவு வழியாகப் போய் வந்திருக்கிறார்.

"நடைப்பயிற்சி எவ்வளவுன்னு வாரா வாரம் கேட்டேனே?" என்றேன்.

"அது தனியா காலையில முக்கால் மணி நடந்துட்டேன் மேடம். அதுல குறை வைக்கல." அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. "இது சாமிக்குக் குடுத்ததுல்ல? அதையும் கொண்டாந்து என் கணக்குல சேத்தா, நான் எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா?"

மேடம் காகிதத்தில் பெருக்கினார். சராசரியாக எண்பது கிலோ, பன்னிரண்டு கிலோமீட்டர், முக்கால் பங்கு: எழுநூற்று இருபது. மதியச் சோறு நானூற்று ஐம்பது. ஆயிரத்து நூற்று எழுபது. மிச்சம் முப்பது. "அது ஒரு கடி முறுக்கு, விடு" என்று என் பக்கம் நகர்த்தினார். கணக்கு நேராகிவிட்டது.

"இன்னைக்கே நிறுத்துங்க" என்றேன்.

"மூணு வாரந்தான ஆச்சு, பாதிக்கு மேல பாக்கி இருக்கே மேடம்."

"உங்க ஈரல் கெட்டுப்போனா அபிக்குக் குடுக்க என்ன இருக்கு? சாமிக்கு அது தெரியாதா?"

செல்வி அழுதுகொண்டிருந்தார். கருப்பையா வெகுநேரம் எடை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. நீங்க சொல்றீக" என்றார்.

அவர்கள் போன பிறகு மேடம் சொன்னார்: "சொன்னது சரிதான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா உடனே சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

நடந்ததை மறைக்காமல் பெருநகர மருத்துவமனைக்கு எழுதினேன். அவர்கள் இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு வாரமும் அபிக்கு என்ன ஆகுமோ என்று நான் பயந்தது கொஞ்சநஞ்சம் இல்லை. முட்டை, பால், பயறு என்று கருப்பையாவைத் தேற்றினோம். ஸ்கேனில் கொழுப்பு கரைந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அபி பிழைத்தாள். கண் வெளுத்தது. ஐந்து மாதம் கழித்து என்னிடம் வந்து, கோவிலூர் பக்கம் ஒரு கடையில் பரோட்டா சாப்பிடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். "சும்மா கேட்டேன், ஏற்கெனவே சாப்ட்டாச்சு" என்றாள். இங்கேயே இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம்.

அந்த முறை கருப்பையாவும் வந்திருந்தார். எழுபது கிலோ. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறங்கிய எடை ஏறவே இல்லை. ஈரல் நன்றாக வளர்ந்துவிட்டது, எல்லாச் சோதனையும் சரி. செல்வி வீட்டுக் கரண்டியையும் டம்ளரையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு ஆள் சாப்பாடு போடுறேன்க்கா. ஒட்ட மாட்டேங்குது."

பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். தடங்கலில்லாமல் சொன்னார், மதியம் உட்பட. நம்பாமல் இல்லை, இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்க் காலையிலிருந்து இரவு வரை கூடவே இருந்தேன். என் முன்னால்தான் சாப்பிட்டார். மதியம் முழுக்க எங்கேயும் போகவில்லை, அபியோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். கரண்டி கரண்டியாக எண்ணினேன். மூவாயிரத்து இருநூறு. உட்கார்ந்த வேலை பார்க்கும் எழுபது கிலோ ஆளுக்கு இரண்டாயிரம் போதும். வாரத்துக்கு ஒரு கிலோவாவது ஏற வேண்டும். மாதக்கணக்கில் அசையாமல் இருந்தது. சர்க்கரை, தைராய்டு, காசநோய், குடலில் சத்து உறிஞ்சுகிறதா என்று எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். மூன்று வாசலும் சாத்தியிருந்தன.

கழித்துப் பார்த்தபோது அதே எண். ஆயிரத்து இருநூறு.

அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே, தாயக் கட்டையை உருட்டிக்கொண்டே அவராகத்தான் சொல்லியிருந்தார், ஏதோ கரண்ட் பில் விஷயம் பேசுவதுபோல. "நேந்துக்கிட்டதை நான் முடிக்கலையே மேடம். குடுக்குறதை நிறுத்திட்டேன். அது பாட்டுக்கு எடுத்துக்கிட்டு இருக்கு. எடுத்துட்டுப் போகட்டும், புள்ள நல்லாருக்குல்ல."

அபி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

மேடத்திடம் போனில் சொன்னேன். அவர் ஓய்வு பெற்று மதுரைக்குப் போயிருந்தார். "என்கிட்ட இதுக்கு வாசல் இல்லம்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை செல்வி தனியாக வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பாக்கியை நான் நடக்குறேன்க்கா. வீட்டு ஆளு முடிக்கலாம்னு பெரியாளுக சொல்றாக. அபி அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஆனா நான் இளைச்சுப் போனா புள்ளையை யாரு பாக்குறது? எனக்கு எம்புட்டுப் போகும், அதை வேற நேரத்துல எப்பிடித் திங்கிறதுன்னு கணக்கு போட்டுக் குடுங்க."

இப்படி ஒரு கேள்வியை எந்தப் பாடப் புத்தகமும் என்னிடம் கேட்டதில்லை. வெயில்ல மயங்கி விழுந்தா என்ன ஆகும் என்று ஆரம்பித்தேன். ஒருமுறை நிறுத்தச் சொன்னவள் நான்தான் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். எழுதினேன். ஐம்பத்திரண்டு கிலோ, பன்னிரண்டு கிலோமீட்டர்: நானூற்று அறுபத்தெட்டு. வைத்துவிட்டு வரும் சோறு ஐந்நூற்றைம்பது. இரண்டையும் காலைக்கும் இரவுக்கும் பிரித்தேன். பால், நெய், கடலை உருண்டை, கூட இரண்டு தோசை. கிளம்பும் முன் உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர். என் பணிக்காலத்தில் நான் எழுதிய கடைசி உணவு அட்டை அது.

செல்வி நடந்தார். கருப்பையா கடையில் இருக்கும் நேரம், அபி பள்ளியில் இருக்கும் நேரம். வாரா வாரம் என்னிடம் எடை பார்த்தார். நூறு கிராம்கூட மாறவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கடைசி நாள் நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், முந்தின இரண்டு நாளாகக் கதிருக்குக் காய்ச்சல், போன் எடுக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு நடந்தேன். தைலமரக் காட்டுக்குள் நிழல் இருக்கும் என்று நினைத்தேன். அந்த மரத்துக்கு நிழலே கிடையாது. சருகு நொறுங்குகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கல்லுக்கு முன்னால் செல்வி இலையைப் பிரித்துவைத்தார். நெற்றியை மண்ணில் வைத்து எழுந்தார். திரும்பி நடக்க ஆரம்பித்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை நேரே வைத்துக்கொண்டார்.

பத்தடி வந்திருப்போம். பின்னால் சருகு நொறுங்கியது. யாரோ வந்து உட்கார்கிற சத்தம். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற சத்தம். அவசரம் இல்லாமல், பசியோடு.

நாயாக இருக்கும். நான் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எதையும் நேரில் பார்த்து எழுதுகிறவள் நான். பார்க்கவில்லை. சாலைக்கு வந்த பிறகுதான் செல்வி என் கையை விட்டார். விரல் தடம் பதிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். கருப்பையா மேடையில் ஏறினார். எழுபது கிலோ தொள்ளாயிரம். இறங்கச் சொல்லி, எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்து, மறுபடி ஏறச் சொன்னேன். எழுபது கிலோ தொள்ளாயிரம்.

"ஏறிருச்சு!" என்று அபி கை தட்டினாள். கருப்பையா காரணம் புரியாமல் சிரித்தார். அவர்களை முன்னே போகவிட்டு செல்வி கதவருகே நின்றார்.

"இனிமே எடுக்காதுல்லக்கா?"

கணக்கு பார்த்துச் சொல்கிறேன் என்பதுதான் இத்தனை வருடமாக நான் எல்லோருக்கும் சொன்ன பதில்.

"எடுக்காது செல்வி" என்றேன்.